பறக்கட்டும், ஆனால் இது வேண்டாம்

2024 மே 25இல் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி விமானத்தளத்துக்கு அருகே ஒரு ஸ்பிற்பயர் வயலில் விழுந்து விமானி இறந்தார். "மியூசியத்தில வைச்சுப் பூட்டுங்கோவன்" எண்டு கனபேர் சொல்லுவினம். நான் அந்தப் பக்கம் இல்லை. 27 லீற்றர் மேர்லின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கைப்பழக்கம் புத்தகத்தால் மட்டும் வராது. எஞ்சின் ஓடினால்தான் அது அடுத்த மெக்கானிக்கிடம் போகும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற விமானத்துக்குத் தூசு தட்டத்தான் ஆள் வேணும்.

ஆனால் பறக்கப் பறக்கப் பழைய தகடு கழன்று புதுத்தகடு ஏறும். (கடைசியில மிஞ்சுறது இலக்கம் மட்டும்தான் போல!) அதனால், 1940இல் உண்மையாகவே சண்டையிட்ட, அதே கோனிங்ஸ்பியின் பி7350ஐ இனி நிலத்தில் விடவேண்டும் என்பேன். அதன் உடம்பே ஒரு ஆவணம். பறக்கிறதுக்குத் திரும்பக் கட்டிய ஸ்பிற்பயர்கள் இருக்குத்தானே.