சென்செக்ஸ் ஏறினா யாருக்கு லாபம்? நெல் விலை இறங்கினா யாருக்கு நஷ்டம்?



ராத்திரி டி.வி.யைப் போட்டால் சென்செக்ஸ் இத்தனை புள்ளி ஏறியது, இத்தனை புள்ளி இறங்கியது என்கிறார்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது மாதிரியே சொல்கிறார்கள். நாமும் "அது பணக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று சேனலை மாற்றிவிடுகிறோம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். டெல்லியில் ஆட்சியில் இருப்பவர்களும், மும்பை ரிசர்வ் வங்கியில் இருப்பவர்களும் எடுக்கிற முடிவு அந்தச் சந்தையை ஆட்டிப் படைக்கிறது. அதே முடிவுகள்தான் நம்முடைய நெல் விலையையும், நம் வீட்டுப் பெண்களின் கழுத்து நகையையும் தொடுகின்றன.

ஓட்டு எண்ணினால் சந்தை ஆடுகிறது

2004 மே 17 அன்று, இடதுசாரிகள் ஆதரவோடு புதிய அரசு வரப்போகிறது என்றதுமே சென்செக்ஸ் ஒரே நாளில் 564 புள்ளி, அதாவது நூற்றுக்கு 11 பங்கு விழுந்தது. 2009 மே 18 அன்று, அதே கூட்டணி இடதுசாரிகள் தயவு இல்லாமலே ஆட்சிக்கு வருகிறது என்றதும் 2,110 புள்ளி ஏறி வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பி 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் ஓட்டு எண்ணியபோது ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்றதும் 4,389 புள்ளி சரிந்தது.

இந்த நாட்களில் எந்த வயலிலாவது ஒரு மூட்டை நெல் கூடியதா, குறைந்ததா? இல்லையே! மாறியது யார் கையில் கஜானா என்கிற கணக்கு மட்டும்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளுக்கு வருமான வரியைக் குறைத்தார்கள். அரசாங்கமே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு இழப்பு. அன்றைக்குச் சந்தை 1,921 புள்ளி துள்ளியது. 2008இல் நாடு முழுக்க விவசாயக் கடன் தள்ளுபடிக்கு மதிப்பிட்ட தொகை சுமார் 71 ஆயிரம் கோடி. அதைத்தான் "ஊதாரித்தனம்" என்று இன்றுவரை எழுதுகிறார்கள். கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கம், உழவனுக்குக் கொடுத்தால் ஊதாரித்தனமா?

வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. அது ஏறினால் எல்லாக் கடனும் மெல்ல ஏறும். கம்பெனிகளுக்குச் செலவு கூடும், பணம் பங்கை விட்டு டெபாசிட், கடன் பத்திரம் பக்கம் போகும், சந்தை இறங்கும். 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டம் இல்லாத நாளில் திடீரென்று ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கினார்கள். அன்றே சென்செக்ஸ் 1,300 புள்ளி விழுந்தது. அங்கே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. மொத்தம் இரண்டரை சதவீதம். இந்த ஏற்றம் முழுவதும் டிராக்டர் கடனில் ஏறினால், ஒரு லட்சத்துக்கு வருஷம் 2,500 ரூபாய் கூடுதல்.

ஏன் ஏற்றினார்கள்? விலைவாசி 4 சதவீதத்தில், மிஞ்சினால் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் சட்டப்படி வைத்த இலக்கு. அப்போதைய விலைவாசிக் குறியீட்டில் உணவுப் பொருளின் பங்கு ஏறக்குறைய 46. ஆக, இலக்கைத் தொட வேண்டுமானால் சாப்பாட்டு விலை இறங்கியாக வேண்டும். வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா? காய்க்காது. அதனால் அரசாங்கம் வேறு கையை நீட்டியது. வட்டி ஏறிய ஒன்பதே நாளில், 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலை 20 அன்று பச்சரிசிக்குத் தடை. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி, வெங்காயத்துக்கு 40 சதவீத வரி. டிசம்பரில் வெங்காயத்துக்கு முழுத் தடை. வெளியே போக வேண்டியது உள்ளூரில் தேங்கினால் வியாபாரி என்ன விலை கேட்பான் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலைவாசி ஏற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நாமும் எண்ணெய், பருப்பு கடையில் வாங்குகிறவர்கள்தான். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். ஆனால் விலையை அடக்குகிற பாரம் முழுக்க விளைவிக்கிறவன் தலையிலேயா? அதுதான் கேள்வி.

ஒரே நாள், இரண்டு முடிவு

2025 ஏப்ரலில் நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வரைவு விதி போட்டது. நகை உங்களுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி, சொந்தச் செலவுக்கான கடன் என்றால் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றெல்லாம் இருந்தது. பாட்டி போட்ட சங்கிலிக்கு ரசீதுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். முதலமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நிதியமைச்சகமும் சிறு கடன்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்றது. 2025 ஜூன் 6 அன்று இறுதி விதி வந்தது. இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம் கடன், உரிமைக்கு நம் உறுதிமொழியே போதும் என்றார்கள்.

அதே நாளில் ரெப்போவையும் அரை சதவீதம் குறைத்தார்கள், சந்தை 700 புள்ளிக்கு மேல் ஏறியது. டி.வி.யில் ஓடியது சந்தைக் கதைதான். நமக்கு முக்கியம் இரண்டாவது கதை. போராடினால் ரிசர்வ் வங்கியும் காது கொடுக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது!

ஆவடி மண் மறக்கவில்லை

நம் பருத்திப்பட்டுக்குப் பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி "சோஷலிச பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. அந்த வருஷம் ஜூலை 1 அன்று இம்பீரியல் பாங்க், ஸ்டேட் பாங்க் ஆயிற்று. அதற்குமுன் நடந்த கிராமக் கடன் ஆய்வில், விவசாயி வாங்கிய கடனில் வணிக வங்கிகள் கொடுத்தது நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கிராமத்துக்கு வங்கி வந்தது சந்தை போட்ட பிச்சை அல்ல, அரசியல் முடிவு. இன்றைக்கு வட்டி இறங்கினால் வீட்டுக்கடன் மலிவாகி, பருத்திப்பட்டு, திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் மிச்சமிருக்கிற நிலத்திலும் மனைக்கல் நடுகிறார்கள். வட்டி ஏறினால் கடன்காரன் ஆகிறோம், இறங்கினால் நிலத்தை இழக்கிறோம். இதுவும் அரசியல் முடிவுதான். ஆகவே அரசியலாலேதான் மாறும்.

நமது கோரிக்கைகள்:

1. ரெப்போவை முடிவு செய்யும் குழுவில் 6 பேர். அதில் 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அதில் ஒருவராவது வேளாண் பொருளாதாரமும் கிராமக் கடனும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

2. விலைவாசிக்காக ஏற்றுமதியைத் தடை செய்தால், விழுந்த விலைக்கு ஈடாக விவசாயிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

3. வட்டியைக் கட்டி நகைக்கடனைப் புதுப்பிக்க எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது. விதியைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.

4. சிட்டா தன் பேரில் இல்லாத குத்தகை விவசாயிக்கும் வி.ஏ.ஓ. சான்றின் பேரில் பயிர்க்கடன் வேண்டும்.

ரிசர்வ் வங்கி ஆளுங்கட்சியின் கைப்பாவையாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சந்தைக்குக் கொடுக்கிற காதில் பாதியை நமக்கும் கொடுக்கட்டும் என்கிறோம்.

ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள்! பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!