பன்னிரண்டு பென்ஷன், பதின்மூன்று ரீசார்ஜ்

இண்டர்நெட்டுக்கு மீட்டர் வைக்கப் போகிறார்கள், இனிமேல் அளந்துதான் கொடுப்பார்கள் என்று நம்ம வயசுக்காரர்கள் பலர் பயப்படுகிறார்கள். பீச் ரோட்டில் சாயங்காலம் நாலு பென்ஷன்தாரர்கள் உட்கார்ந்தால் இதே பேச்சுதான். நான் சொல்கிறேன், மீட்டர் வரட்டும். வந்தால் முதலில் மாலை போடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக் கரண்டு மீட்டரைப் பாருங்கள். ஓடின யூனிட்டுக்குப் பணம். குறைவாக எரித்தால் முதல் படியில் யூனிட் விலையும் குறைவு. ஏசி போடுகிறவர் மேல்படிக்குப் போய் அதிகம் கட்டுகிறார். இன்றைக்கு ஒன்றரை யூனிட் கொடுத்தோம், நீ அரை யூனிட்தான் எரித்தாய், மிச்சம் ராத்திரி 12 மணிக்கு ரத்து என்று எந்த மின்துறையும் சொன்னதில்லை. செல்போன் கம்பெனி தினமும் அதைத்தான் செய்கிறது. நாம் அதை 'அன்லிமிடெட்' என்று நம்பி வாங்குகிறோம்.

2024 ஜூலையில் விலையை ஏற்றினார்களே, அந்தப் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டேன். (ஆபீசில் முப்பத்துச் சொச்சம் வருஷம் கூட்டல் கழித்தல் பார்த்த கை, சும்மா இருக்காது.) ஜியோவில் 299 ரூபாய்க்குத் தினம் 1.5 ஜிபி, 28 நாள். மொத்தம் 42 ஜிபி. ஒரு ஜிபி 7 ரூபாய்க்குச் சற்று மேல். அதே பட்டியலில் 189 ரூபாய்க்கு 28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி. ஒரு ஜிபி 94 ரூபாய் 50 காசு. இரண்டிலும் பேசுவது இலவசம்தான், அதனால் அந்தச் சமாதானம் செல்லாது. கொஞ்சமாக வாங்குகிறவன் தலையில் பதிமூன்று மடங்கு விலை. மளிகைக் கடைக்காரர் கால் கிலோ துவரம்பருப்பை இந்தக் கணக்கில் விற்றால் தெருவே திரண்டுவிடும்.

அடுத்தது இந்த 28 நாள். மாதம் என்றால் முப்பது, முப்பத்தொன்று. 28 நாள் மாதம் பிப்ரவரிக்கு மட்டும் சொந்தம், அதுவும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை கிடையாது. 365ஐ 28ஆல் வகுத்தால் 13 வரும். எனக்குப் பென்ஷன் வருஷத்துக்கு 12, ரீசார்ஜ் 13. இதைப் பற்றிப் புகார் போய், 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது: 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றாவது வேண்டும் என்று. கம்பெனிகள் கேட்ட அளவுக்கு வைத்தன. கண்ணில் படுகிற இடத்தில் என்னவோ இன்னும் 28 நாள்தான். உத்தரவை எழுத்துப்படி நிறைவேற்றி அதன் உயிரை எடுப்பது எப்படி என்பது பழைய குமாஸ்தாவுக்குத் தெரியாதா என்ன!

2024 டிசம்பரில் டிராய் இன்னொன்று செய்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்றது. நம் போன்றவர்களை நினைத்துப் போட்ட உத்தரவு. ஏர்டெல்லில் அதுவரை வருஷத்துக்கு 1999 ரூபாய், 24 ஜிபி டேட்டாவும் உண்டு. டேட்டாவை எடுத்துவிட்டு முதலில் வைத்த விலை 1959. அதாவது 24 ஜிபியின் மதிப்பு 40 ரூபாய்! ஊரெல்லாம் பேசிய பிறகு 1849க்கு இறக்கினார்கள். வாங்கும்போது ஒரு விலை, திருப்பிக் கொடுக்கும்போது அடிமாட்டு விலை. அடகுக் கடையில் கூட இதைவிடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

இதெல்லாம் யாருக்கு? எங்கள் தெருவில் குடும்பப் பென்ஷன் வாங்கும் விதவைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். யாரும் சினிமா பார்ப்பதில்லை, கிரிக்கெட் பார்ப்பதில்லை. வெளியூர்ப் பிள்ளையின் வாட்ஸ்அப், பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், இவ்வளவுதான். ரீசார்ஜ் தீர்ந்தால் அந்த நம்பர் ஊமையாகும், பிறகு செவிடாகும். ஆதார், பேங்க் எல்லாம் அந்த நம்பரில்தான் கட்டிப் போட்டிருக்கிறது. வேண்டாம் என்று தூக்கிப்போட முடியாத பொருளுக்குச் சின்ன அளவையே இல்லாமல் செய்வதைத்தான் நான் கட்டுப்பாடு என்கிறேன். 2025 ஆகஸ்டில் தினம் 1 ஜிபி கொடுத்த 249 ரூபாய்த் திட்டத்தை ஜியோவும் எடுத்தது, ஏர்டெல்லும் எடுத்தது. விலை ஏற்றியதாக யாரும் அறிவிக்கவில்லை. கீழ்ப்படியை உருவிவிட்டால் மேலே ஏறித்தானே ஆக வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு எடுத்திருக்கிறார்கள். உலகத்தில் டேட்டா மலிவான நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்கப் படம் பார்க்கிறவரிடம் அந்தச் செலவை வாங்கட்டும். ஆளுக்குச் சராசரி 300 ரூபாய் வர வேண்டும் என்கிறார்களே, அந்தச் சராசரியை எட்ட என் தெருப் பாட்டிதான் கிடைத்தாரா?

பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்த ஊர்க் கதை ஒன்று. பிரான்சில் இண்டர்நெட்டுக்கு முன்பே மினிடெல் என்று ஒரு பெட்டி இருந்தது. 1982 முதல் அரசுத் தபால் தந்தித் துறையே வீடுகளுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. டெலிபோன் நம்பர் தேடினால் முதல் மூன்று நிமிஷம் காசில்லை. மற்ற சேவைக்கு நிமிஷக் கணக்கில் டெலிபோன் பில்லில் வரும். இங்கிருந்து போன சொல்தா குடும்பங்களில் அந்த பில்லைப் பார்த்து அலறிய அப்பாக்கள் உண்டு. ஆனால் தொடாதவர் வீட்டு பில் ஏறியதில்லை. 2012 ஜூன் 30 வரை அது ஓடியது. அதே 2012 ஜனவரியில்தான் ஃப்ரீ என்கிற கம்பெனி மாதம் 2 யூரோவுக்கு ஒரு செல்போன் திட்டம் கொண்டுவந்தது. கொஞ்சமாகப் பேசுகிறவருக்கென்றே. வருஷக்கணக்காக அதே 2 யூரோ. பணக்கார நாட்டில் சின்னக் கரண்டி இருக்கிறது, நம் ஊரில் அண்டாவில்தான் அள்ள வேண்டுமாம்.

போட்டி வந்தால் சரியாகும் என்பார்கள். 2016இல் ஜியோ வந்தபோது சரியானது உண்மை. அதுவரை 1 ஜிபிக்கு இருநூறு, இருநூற்றைம்பது கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஏர்செல் மூழ்கியது, டோகோமோ போனது, வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இப்போது மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொண்டு டிராய்க்குத் தெரிவித்தால் போதும் என்பது நடைமுறை.

ஆனால் டிராய் காது கேளாத ஆபீஸ் இல்லை. 2015இல் பத்து லட்சத்துக்கு மேல் ஈமெயில் போனது, 2016 பிப்ரவரியில் சில வெப்சைட்டுக்கு மட்டும் சலுகை விலை என்கிற ஏற்பாட்டைத் தடை செய்தார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பேரன் வயசுப் பிள்ளைகள். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நாமும் எழுத வேண்டும். நான் கேட்கப்போவது மூன்று. மாதம் என்றால் காலண்டர் மாதம். வாங்கிய டேட்டா தீரும்வரை என்னுடையது. இவ்வளவுக்கு இவ்வளவு என்று மீட்டர் போல ஓடும் ஒரு திட்டம் எல்லாக் கம்பெனியிலும், பட்டியலின் முதல் வரியில். கடிதத்தை டைப் அடித்து வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.