அடகுக் கடையின் பலகையும் அதற்கு அடியில் ஓடும் வட்டியும்

கோவில்பட்டிச் சீமையில் அடகுக் கடைப் படியில் கூட்டம் கூடும் மாதம் எது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. புரட்டாசி. கரிசல் காட்டில் பருவ மழைக்கு முன்னே விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். உளுந்தோ, பாசியோ, பருத்தியோ, மக்காச்சோளமோ, எதுவானாலும் விதைக்கும் உரத்துக்கும் டிராக்டர் உழவுக்கும் ரொக்கம் வேண்டும். ரொக்கம் ஏது? மனைவியின் கழுத்தில் கிடப்பதுதான் ரொக்கம். வானம் மூடிக் குச்சி காயாமல் தீப்பெட்டி வேலை குறைகிற காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. காட்டுக்காரரும் தீப்பெட்டித் தொழிலாளியும் ஒரே பருவத்தில் ஒரே படியேறுகிறார்கள். வெள்ளாமை வீடு வந்து நகையை மீட்பது தைக்குப் பிறகு. மழை பொய்த்தாலோ, 2018இல் வந்ததுபோல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தாலோ, அந்தத் தையும் கிடையாது.

இந்தப் படியை ஆளும் சட்டம் ஒன்று இருக்கிறது. 1943ஆம் ஆண்டின் அடகுக் கடைக்காரர் சட்டம். மந்திரிசபை ராஜினாமாச் செய்துவிட்டுப் போய், சென்னை மாகாணத்தைக் கவர்னரே ஆண்ட யுத்த காலத்தில் பிறந்தது. பெயர் மட்டும் தமிழ்நாட்டுச் சட்டம் என்று மாறியதே தவிர, எலும்புக்கூடு அதுவேதான். தாசில்தாரிடம் லைசென்சு வாங்காமல் எவரும் அடகுத் தொழில் நடத்தக் கூடாது. அடகு பிடித்தால் சீட்டுக் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். சர்க்கார் நிர்ணயித்த வட்டிக்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. அந்த வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 16. ஓர் ஆண்டும் அதற்கு மேல் 7 நாளும் கெடு. அதற்குப் பிறகுதான் ஏலம். அதுவும் பகிரங்க ஏலம். ஏலத்தில் கடனும் வட்டியும் போக மிஞ்சுவது அடகு வைத்தவருக்குச் சொந்தம். இந்தக் கடைசி விஷயம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதாவது ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறது. நம் ஊரில் எத்தனை பேர் ஏல மிச்சத்தைக் கையில் வாங்கியிருக்கிறார்கள்? தோழர்கள் தங்கள் தெருவில் கேட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் மோசமானதல்ல. காகிதத்தில் அது தொழிலாளிக்கு நண்பன்தான். கடைக்குள் நடப்பது வேறு. சீட்டில் எழுதுவது ஒரு வட்டி. வாயால் பேசுவது வேறு வட்டி. "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. பத்தாயிரம் ரூபாய் வாங்கியவர் சட்டப்படி ஆண்டுக்கு 1,600 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். மூணு வட்டியில் 3,600 கட்டுகிறார். முதல் மாத வட்டியை முன்கூட்டியே பிடித்துக் கொண்டால், வாங்காத பணத்துக்கும் வட்டி. சில இடங்களில் சீட்டே கிடையாது. துண்டுக் காகிதத்தில் ஓர் எண்ணும் எடையும் மட்டும். அந்தக் காகிதம் தொலைந்தால் நகை தொலைந்தது. தாசில்தார் தணிக்கை செய்யலாமே என்று கேட்கலாம். பட்டாவும் சாதிச் சான்றும் வெள்ள நிவாரணமும் தேர்தல் வேலையும் ஒரே மேஜையில் குவிந்து கிடக்கும் மனிதர் எத்தனை கடை ஏறி எத்தனை பேரேட்டைப் புரட்டுவார்? லைசென்சு வழங்குவது ஓர் அலுவலகம். லைசென்சைக் கண்காணிப்பது யாருடைய வேலையும் அல்ல. இன்று விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாகப் போகிறது. விண்ணப்பத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கண்காணிப்புக்கு ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

பழைய சாமான் கடைகளின் கதியும் இதுதான். நகை தீர்ந்த வீட்டில் அடுத்து வெளியே போவது பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும். அது அடகாகக் கூடப் போவதில்லை. எடைக்கு எடை விலையாகப் போய்விடுகிறது. பழைய இரும்பு, பழைய பொருள் வியாபாரிகளையும் மோட்டார் பட்டறைகளையும் லைசென்சுக்குள் கொண்டுவர 1985இல் தனிச் சட்டமே போட்டார்கள். திருட்டுச் சாமானைப் பிடிப்பதுதான் அதன் நோக்கம். ஏழையின் அண்டாவுக்கு நியாய விலை கிடைக்கச் செய்வதல்ல.

திருட்டுச் சாமான் என்றவுடன் கடைக்காரர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் நியாயம் பேசுகிறவர்கள் ஆக மாட்டோம். போலீசார் ஒரு திருடனைக் கூட்டிக் கொண்டு வருகிறார்கள். அவன் விரலை நீட்டுகிறான். "இங்கேதான் வைத்தேன்" என்கிறான். உண்மையோ பொய்யோ, அத்தனை பவுன் தங்கத்தைக் கொடுத்துத் தீர வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது என்பது அடகுக் கடைக்காரர்களின் நெடுநாள் புகார். திருட்டுப் பொருள் எனத் தெரிந்தும் வாங்குவது குற்றம். பழைய பீனல் கோட்டில் 411, இன்றைய நியாய சன்ஹிதையில் 317ஆவது பிரிவு. ஆனால் தெரிந்து வாங்கினாரா தெரியாமல் வாங்கினாரா என்பதைக் கோர்ட்டுதான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசற்படி அல்ல. ஒழுங்காகப் பேரேடு எழுதி, வைத்தவரின் அடையாளத்தைக் குறித்து, சீட்டுக் கொடுக்கிற கடைக்காரருக்கு அந்தப் பேரேடே கேடயம். கள்ளப் பேரேடு வைத்திருப்பவர்தான் போலீசுக்கும் பணிய வேண்டியிருக்கிறது. அப்படிப் பணிந்து கொடுத்ததை மறுநாள் யாருடைய வட்டியில் சேர்ப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில் ஒரு பேச்சு நம்மவர்களிடையேயும் நுழைகிறது. "சேட்டுக் கடையை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அது. தோழர்களே, வட்டிக்குத் தாய்மொழி கிடையாது. ராஜஸ்தானத்திலிருந்து வந்தவர் வாங்கினாலும், நம் தெருவில் நம்மோடு பொங்கல் வைக்கிறவர் வாங்கினாலும் மூணு வட்டி மூணு வட்டிதான். லைசென்சு பலகையே இல்லாமல், மோட்டார் சைக்கிளில் வந்து தண்டல் வாங்கிப் போகிறவரின் பேச்சு நல்ல கரிசல் தமிழ்தான். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குகிறார். அசல் நாளுக்கு நாள் குறைந்து வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டி ஓடும். அவர் முன்னால் அடகுக் கடைக்காரர் சாதுவாகத் தெரிவார். ஆளைப் பார்த்துக் கோபப்படச் சொல்லுகிறவன் வட்டியைக் காப்பாற்றுகிறான்.

அந்த வட்டிக்கும் சட்டம் இருக்கிறது. 2003 மே மாதம் ஜி. வெங்கடேசுவரன் என்ற சினிமாத் தயாரிப்பாளர் தற்கொலை செய்து கொண்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னே கயிற்றிலும் கிணற்றிலும் முடிந்த ஏழைகளின் கணக்குச் சட்டசபையின் காதில் விழவில்லை போலும். தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுத்தார்கள். மூன்றாண்டு வரை சிறை, 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றார்கள். சட்டத்துக்கு 14 வயதானபோது, 2017 அக்டோபர் 23ஆம் தேதி, நெல்லைக் கலெக்டர் அலுவலக வளாகத்தில், ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடும் தீக்குளித்தார்; நால்வரும் மாண்டார்கள். கந்துவட்டிக் கொடுமை பற்றி அவர்கள் அதற்கு முன்பே பல தடவை மனுக் கொடுத்திருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மனு வாங்கியது அந்த அலுவலகம். சாவையும் அந்த முற்றமே வாங்கிக் கொண்டது. 1986 வரை கோவில்பட்டியும் அந்த நெல்லை மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். அது அயலூர்ச் சேதி அல்ல. 2025இல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க இன்னொரு சட்டமும் நிறைவேறியது. சட்டத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

இனிப் பெரிய கைக்கு வருவோம். இன்று பஜாரில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்து உட்கார்ந்திருப்பவை தங்கக் கடன் கம்பெனிகள். இவற்றுக்குத் தாசில்தார் லைசென்சு கிடையாது; ரிசர்வ் பாங்கியின் பதிவுதான். அப்படிப் பதிவு பெற்ற கம்பெனிகளை மாநிலங்களின் லேவாதேவிச் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022 மே 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கேரளம், குஜராத் சட்டங்களைப் பற்றிய வழக்கு அது; ஆனால் அதன் தத்துவம் எல்லா மாநிலங்களுக்கும்தான் பொருந்தும். விளைவைப் பாருங்கள். மூலைக் கடை அடகுக்காரருக்கு 16 சதவிகிதம் என்று உச்சவரம்பு. கோடிக்கணக்கில் புரட்டும் கம்பெனிக்கோ ரிசர்வ் பாங்கி வட்டி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. கம்பெனியின் டைரக்டர் போர்டே தீர்மானம் போட்டு வட்டியை வைத்துக் கொள்ளலாம். சின்ன மீனுக்கு வலை, திமிங்கிலத்துக்குத் திறந்த கடல்!

ஏலம் போடும் முன் இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று வட்டார மொழிப் பத்திரிகையாக, விளம்பரம் செய்ய வேண்டும் என்று இந்தக் கம்பெனிகளுக்கு விதி உண்டு. பக்கம் பக்கமாகக் கடன் எண்கள் அச்சாகிற அந்த விளம்பரங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பூச்சி பூச்சியாக எழுத்து, பெயரும் இருக்காது. அந்த எண் தம்முடையது என்று தெரிந்து கொள்ள ஒரு தீப்பெட்டித் தொழிலாளி தினம் ரசீதையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக் கொண்டு உட்கார வேண்டும்.

2025 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கி தங்கக் கடனுக்குப் புதிய நகல் விதிகளை வெளியிட்டது. நகை உன்னுடையதுதான் என்பதற்குச் சான்று கொண்டு வா என்ற வாசகம் அதில் இருந்தது. பாட்டி போட்ட காப்புக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் கட்சி வித்தியாசமின்றி எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் 6ஆம் தேதி வந்த இறுதி விதிகளில் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. பில் இல்லாதவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்றாயிற்று. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்றும் வந்தது, முன்பு 75. கடன் தீர்ந்தபின் நகையைத் திருப்பித் தரத் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தார்கள். போராடினால் ரிசர்வ் பாங்கியும் இறங்கி வரும் என்பதற்கு இது சாட்சி, நல்லது.

ஆனால் 85 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 2025 அக்டோபரில் பவுன் விலை 90 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு பவுனுக்கு முன்பு 67,500 ரூபாய் கிடைத்திருக்கும். 85 சதவிகிதமானால் 76,500. மொத்தமாகக் கடைசியில் கட்டும் கடனில் வட்டியும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால் கையில் வருவது இதைவிடக் குறையும். விதைப்புக்கு அவசரத்தில் நிற்பவருக்கு ஒன்பதாயிரம் பெரிய தொகைதான். மறுபக்கம் என்ன? கடன் பெருத்தால் ஏல மிச்சம் சிறுக்கும். தங்கம் விலை சரிந்தால் முதலில் ஏலத்துக்கு வருவது, எட்டின மட்டும் கடன் வாங்கிய ஏழையின் நகைதான். விலை ஏறுகிற காலத்தில் இது யாருக்கும் உறைப்பதில்லை.

பாங்கிகளின் இன்னொரு வழக்கமும் கந்துவட்டிக்காரருக்குச் சோறு போடுகிறது. கெடு முடிந்தால் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்க விடாமல், அசல் முழுவதையும் கட்டி நகையைத் திருப்பு, பிறகு வை என்கிறார்கள். அசலுக்கு எங்கே போவது? பாங்கி வாசலிலேயே ஒரு நாள் வட்டிக்குப் பணம் கொடுக்க ஆள் நிற்கிறார். ஒழுங்குமுறை என்று பெயர், விளைவு இது.

அடகு ஒழிய வேண்டியதா, ஒழுங்குபட வேண்டியதா என்ற கேள்வியை உலகத் தொழிலாளி வர்க்கம் முன்பே சந்தித்திருக்கிறது. பாரிஸ் நகரத்துக்கு 1777 முதல் பொது அடகு நிலையம் உண்டு. ஜனங்கள் அதற்கு "என் அத்தை" என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். 1871இல் பாரிஸ் கம்யூன் அதிகாரத்துக்கு வந்தவுடன் அங்கே அடகுப் பொருள் விற்பனையை நிறுத்தியது. மே மாதத்தில், 20 பிராங்கு வரை அடகு வைத்த துணிமணி, படுக்கை, தொழில் கருவிகளை இலவசமாகத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட்டது. தையற்காரியின் கத்திரிக்கோல் அடகில் கிடந்தால் அவள் எதைக் கொண்டு உழைப்பாள் என்பதே அதன் நியாயம். நம் நாட்டிலும் மகாராஷ்டிர சர்க்காரின் கடன் நிவாரணச் சட்டம் செல்லும் என்று 1977இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், கேரளத்தில் 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்டு மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர்.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக் கடன் தள்ளுபடி என்று 2021 செப்டம்பர் 13ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். தகுதிப் பட்டியலில் எத்தனையோ பேர் வடிகட்டப்பட்டார்கள்; ஆனாலும் மீண்டு வந்த தாலிகள் மீண்டவைதாம், அதை மறைக்க வேண்டியதில்லை. குறை வேறு இடத்தில். தனியார் கடையில் வைத்தவருக்குத் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. கூட்டுறவுச் சங்கம் உடனே பணம் தராது. மெம்பரா, எந்த ஊர், இன்று நகை மதிப்பீட்டாளர் வந்தாரா என்று மூன்று நடை. மேலும் 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்க நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்தது. பிறகு தனி அதிகாரிகள் கையில் விடப்பட்டன. உறுப்பினர் கேள்வி கேட்க முடியாத சங்கம் புரட்டாசியின் அவசரத்தை எப்படி அறியும்?

ஆகவே நம் கோரிக்கை குழப்பமற்றது. கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் தாலுகாக்களில் லைசென்சு பெற்ற அடகுக் கடைகளின் பட்டியலைத் தாலுகா அலுவலகத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் தமிழில் ஒட்ட வேண்டும். சட்ட வட்டி எவ்வளவு என்பதை ஒவ்வொரு கடை வாசலிலும் கொட்டை எழுத்தில், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 33 காசு என்று, பாமரருக்கும் புரியும் கணக்கில் எழுத வேண்டும். ஏலத்துக்கு முன் ஆளுக்கு ஆள் நோட்டீசு வீட்டுக்கு வர வேண்டும். ஏலக் கணக்கின் நகல் கேட்காமலே கொடுக்கப்பட வேண்டும். கம்பெனிகளுக்கும் வட்டி வரம்பு வைக்க மத்திய சர்க்காரைக் கோரி நகர்மன்றமே தீர்மானம் போடலாம். கூட்டுறவுச் சங்கங்கள் புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் வந்த அன்றே பணம் கொடுக்கும்படி மதிப்பீட்டாளரை நிரந்தரமாக உட்கார வைக்க வேண்டும்.

கிளைத் தோழர்கள் இதற்கெல்லாம் உத்தரவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டு அடகுச் சீட்டை, வெட்கப்படாமல், எடுத்து வரட்டும். சீட்டில் லைசென்சு எண் இருக்கிறதா, எடையும் தொகையும் மையால் எழுதியிருக்கிறதா, வட்டி எவ்வளவு என்று குறித்திருக்கிறதா, கொடுத்தது எவ்வளவு என்று பார்த்து ஒரு நோட்டில் பதியட்டும். அந்த நோட்டின் நகலோடு தாசில்தாரிடமும் கோட்டாட்சியரிடமும் மனுக் கொடுப்போம். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குவோம்.