ஏர் பிடிக்கும் கைக்கு எட்டாத கடன்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால், போலாரத்தில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிற்கு ஊரிலிருந்து ஒரே வகையான செய்தி வருகிறது. உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும் என்பதே அது. நாம் இயன்றதை அனுப்புகிறோம். குறைவதற்கு அவர்கள் கடன் வாங்குகின்றனர். அந்தக் கடன் குடும்பத்தின் வருவாயைப் பெருக்குகிறதா, சுமையை மட்டும் பெருக்குகிறதா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 ரூபாய்க்குத் திங்கள்தோறும் 3 ரூபாய் வட்டி என்னும் முறையில் 50,000 ரூபாயை ஆறு திங்களுக்கு வாங்கினால், வட்டி 9,000 ரூபாய். ஆண்டுக்கு 100க்கு 7 ரூபாய் என்னும் பயிர்க்கடன் வட்டியாயின் 1,750 ரூபாயே. விளைச்சல் ஒரு மரக்காலும் கூடாமல், கடன் வாங்கும் இடம் மாறியதனாலேயே 7,250 ரூபாய் வீட்டில் தங்குகிறது. அன்றியும், நெல் வணிகரிடம் கடன்பட்டவர் களத்துமேட்டிலேயே அவர் சொன்ன விலைக்கு அளந்துவிட நேர்கிறது. வங்கியில் கடன் பெற்றவரோ நல்ல விலைக்குச் சில நாள் பொறுத்திருக்க இயலும்.

இதனை அரசினரும் நெடுங்காலம் முன்னரே உணர்ந்தனர். 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1951-52இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 100க்கு 3 ரூபாய் அளவே எனத் தெரிந்தது. ஏறத்தாழ 70 ரூபாய் வட்டிக்கு விடுவோரிடம் பெற்றதாகும். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. பின்னர் 1977 முதல் 1990 வரை, வங்கியுள்ள ஊரில் ஒரு புதுக்கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியில்லா ஊர்களில் நான்கு திறத்தல் வேண்டும் என்னும் விதி நின்றது. அதன் பயனை ஆராய்ந்த ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்னும் அறிஞர்கள், அக்கிளைகளால் கிராம வறுமை குறைந்ததென்று 2005இல் எழுதினர்.

அங்ஙனமாயின் கடன் கிட்டினாலே வருவாய் உயருமா? நம் ஐதராபாத்திலேயே இதற்கு விடை தேடினர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் இந்நகரின் 104 ஏழைக் குடியிருப்புகளுள் பாதியில் நுண்கடன் நிறுவனம் ஒன்று முதலில் கிளை திறக்கச் செய்து, எஞ்சியவற்றோடு ஒப்பிட்டனர். 2015இல் வெளியான முடிவு இது: முன்னரே நன்றாகத் தொழில் நடத்தியோர் சிலர்க்கு இலாபம் கூடியது, சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கைச் செலவு உயரவில்லை. கையில் தொழில் இல்லாதவனைக் கடன் மட்டும் செல்வனாக்குவதில்லை.

ஆனால் கடன் அடியோடு நின்றாலும் தீங்கே. 2010 அக்டோபரில், வசூல் கெடுபிடிகளைத் தடுக்க அன்றைய ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது; மாநிலத்தில் நுண்கடன் ஏறத்தாழ நின்றுபோயிற்று. இழப்புற்ற நிறுவனங்கள் பிற மாநிலங்களிலும் கடனைக் குறைத்தன. அவ்வாறு குறைந்த மாவட்டங்களின் கிராமங்களில் நாட்கூலியும் வீழ்ந்ததென எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் இருவரும் 2021இல் காட்டினர். கடனே வாங்காத கூலியாளின் வருவாயும் அயலாரின் கடனோடு பிணைந்திருக்கிறது.

ஆகவே, தொழிலை உடையவர்க்கு, பருவத்தில், தாங்கக்கூடிய வட்டியில் கிடைக்கும் கடனே வருவாயாக மாறும். இங்கேதான் நம் பொறுப்பு எழுகிறது. நம்மில் பலர்க்கு ஊரில் நிலமுண்டு. பட்டா நம் பெயரில். ஏர் குத்தகைக்காரர் கையில். குத்தகைக்காரரும் உழவர் கடன் அட்டை பெறலாம் என விதி இருப்பினும், சாகுபடி செய்பவர் தாமே எனக் காட்ட ஒரு சான்றும் இல்லாதவரை வங்கி எளிதில் நம்புவதில்லை. அவர் வட்டிக்கடைக்கே திரும்புகிறார். அந்த 7,250 ரூபாய் ஆண்டுதோறும் கைநழுவுகிறது.

எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமே என்னும் அச்சம் நம்மிடம் உண்டு. பயிரிடும் குத்தகைதாரர்க்குச் சென்னை மாநிலம் 1955இல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியதால், அவ்வச்சத்தை முற்றும் வீணென்று தள்ளவும் இயலாது. அதற்கொரு வழியாகவே ஒன்றுபட்ட ஆந்திரம் 2011இல், நில உரிமை மாறாமல் சாகுபடியாளர்க்குக் கடன் தகுதி அட்டை வழங்கச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் நிலமுடையோர், சட்டம் அறிந்தவரைக் கலந்து, காலவரையறையோடு குத்தகையை எழுத்தில் தருதல் நன்று. அதற்கும் மனம் துணியாதவர், திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஆடியிலேயே வட்டியின்றித் தந்து, தையில் திரும்பப் பெறலாம்.

நமக்கும் ஊரில் ஒரு துண்டு நிலம் உண்டு. அதனைப் பயிரிடும் பெரியவர்க்கு இதுவரை நாம் ஒரு வரியும் எழுதித் தந்ததில்லை. பிறர்க்கு உரைக்குமுன் இதனை ஒப்புக்கொள்வதே முறை. இவ்வாண்டு ஊர் செல்லும்போது அவரோடு அமர்ந்து எழுதுவதாக உறுதி கொண்டுள்ளோம். நேயர்களும் தத்தம் இல்லங்களில் இதனைப் பேசுவார்களாக.

அடுத்த திங்கள், நகை அடமானம் பற்றிக் காண்போம்.