நம் பிள்ளைகள் ஓடுகிற படம் எங்கே?

ஒரு சாவு விழுந்தால்தான் நம் தெருவுக்குள் கேமரா வருகிறது.

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 தலித்துகள் செத்துப்போனார்கள். அன்று எத்தனை கேமராக்கள்! சேறு, இடிபாடு, மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாய்மார்கள். எடுக்க வேண்டிய படங்கள்தான். ஆனால் அதே மாதிரித் தெருக்களில் தினமும் சாயங்காலம் நடக்கிற ஆட்டத்தை எடுக்க ஒருவரும் வருவதில்லை.

பத்திரிகைக்காரர்களைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது, தோழர்களே. எங்கள் கைப்பேசிகளையே ஒருநாள் திறந்து பார்த்தோம். உண்மை அறியும் குழுவின் படங்கள், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்த படங்கள், ஓட்டை விழுந்த கூரை, முழக்க அட்டையைப் பிடித்தபடி வெயிலில் நிற்கும் குழந்தைகள். சிரித்துக்கொண்டு ஓடும் ஒரு குழந்தை இல்லை. ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டால், பள்ளிக்கூட அடையாள அட்டையில் ஒட்டிய விறைத்த முகம்தான் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை எப்படிக் குதித்தது, எப்படி ஏமாற்றி ஓடியது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

ஒரு சாயங்காலம் வளவுக்குள் கேமராவோடு போனபோது, டயர் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் எங்களைப் பார்த்துக் கேட்டான்: "ஏனுங்ணா, இங்க யாருக்கு என்னாச்சுங்க?" கேமரா என்றால் கேடு என்று அந்த வயதிலேயே பழகிவிட்டான். இதற்கு நாமும் பொறுப்பு.

'சாதிக் கொடுமை நடக்கும்போது விளையாட்டுப் படம் ஒரு கேடா?' என்று சில தோழர்கள் கேட்பார்கள். கொடுமைக்கு ஆதாரம் வேண்டும், மறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மாணவியை வகுப்புக்கு வெளியே உட்காரவைத்துத் தேர்வு எழுதச் சொன்னதை உலகத்துக்குக் காட்டியது அவள் அம்மா எடுத்த வீடியோதான். ஆனால் அதைப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் முகத்தை மறைத்தோம்? பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74 சொல்கிறது. ஆதாரம் போக வேண்டிய இடம் காவல் நிலையமும் நீதிமன்றமும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அல்ல.

விளையாட்டும் உரிமைதான். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, உறுப்பு 31 அதைத்தான் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. நம் ஊர்களில் அந்த உரிமையைச் சாதி எங்கே தடுக்கிறது என்று பார்க்க ஆட்டத்தையே பாருங்கள். கோயில் மைதானத்தில் யார் ஸ்டம்பு நடுகிறார்கள்? பந்து தோட்டத்துக்குள் விழுந்தால் எடுக்கப் போகத் தயங்கி வேலியோரம் நிற்பது யார்? அந்தத் தயக்கம் ஒரு நொடிதான் இருக்கும். அதைப் படம் எடுத்தால் பத்துப் பக்க அறிக்கை சொல்லாததைச் சொல்லும்.

1956இல் அமெரிக்காவின் அலபாமாவில் கார்டன் பார்க்ஸ் அப்படி ஒரு படம் எடுத்தார். அவரும் கறுப்பர். தங்களுக்கு அனுமதி இல்லாத விளையாட்டுத் திடலைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று கறுப்பினக் குழந்தைகள் பார்க்கிறார்கள். நமக்குத் தெரிவது அவர்கள் முதுகு மட்டுமே. யாரும் அழவில்லை, யாரையும் அழவைக்கவும் இல்லை. நிறவெறி என்றால் என்ன என்பது அந்த வேலியிலேயே இருக்கிறது.

அந்தப் பயணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. படங்கள் 'லைஃப்' இதழில் வந்த பிறகு, அதில் இடம்பெற்ற ஒரு குடும்பத்தை உள்ளூர் வெள்ளையர்கள் பழிவாங்கினார்கள். ஆசிரியையாக இருந்த பெண்ணின் வேலை போனது. குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. எடுத்தவர் ஊர் திரும்பிவிடுவார். படத்தில் இருப்பவர்தான் அங்கேயே வாழ வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளையின் அப்பா அதே தோட்டத்துக்குத்தான் கூலிக்குப் போகிறார் என்பதை மறந்துவிட்டுப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

சரி, எப்படி எடுப்பது?

முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், வீட்டாரிடமும் கேளுங்கள். 'வேண்டாங்க' என்றால் அதோடு சரி. முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. உங்களை மறந்த பிறகுதான் பிள்ளைகள் நிஜமாக ஆடுவார்கள்.

உட்காருங்கள். தேவைப்பட்டால் மண்ணில் படுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பிள்ளை சின்னதாகவும் பாவமாகவும் தெரியும். ரேஷன் கொடுக்கிறவரின் பார்வை அது. பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் அவனும் நீங்களும் சமம். சமத்துவம் பேசுகிற நமக்கு முழங்காலை மடிப்பது கஷ்டமா?

ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். குதிப்பவளுக்கு 1/1000. கைப்பேசியில் இதை மாற்ற வழியில்லை என்றால், நல்ல வெளிச்சத்தில் தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பச்சைக்குதிரை தாண்டுகிறவள் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அந்தரத்தில் நின்றமாதிரி இருப்பாள். அதுதான் உங்கள் கணம். அவள் அங்கே போன பிறகு அழுத்தினால் தாமதமாகிவிடும், கால் தரையைவிட்டு எழும்போதே அழுத்துங்கள். பந்தின் பின்னால் ஓடாமல், பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

அழகாக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது நம் பிள்ளைகளை வெளுக்க வைக்கிறது. ஒருகாலத்தில் ஃபிலிம் லேப்களில் வெள்ளைக்காரப் பெண் படம் போட்ட 'ஷர்லி' அட்டையை வைத்துத்தான் நிறம் சரிபார்த்தார்கள். கறுப்புத் தோலின் அழகு அந்தக் கணக்கில் இல்லை. திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அந்த முகத்துக்கு ஏற்ப வையுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும்.

பகிரும் முன் படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்குங்கள். சீருடை, பள்ளியின் பெயர், வீட்டு எண் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பகிராதீர்கள். நல்ல படம் எல்லாம் இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பிரிண்ட் போட்டு அந்த வீட்டில் கொடுங்கள். அதுதான் முதல் கண்காட்சி.

கடைசியாக, கேமராவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிகுமார் விளிம்புநிலைக் குழந்தைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து வருகிறார். நாம் எவ்வளவு குனிந்தாலும் பிள்ளையின் கண் நமக்கு வராது. அவர்கள் எடுக்கும்போது நாம் பார்க்கத் தவறியது தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் தெருவுக்குப் போங்கள். கேமராவைப் பார்த்து 'யாருக்கு என்னாச்சு' என்று யாராவது கேட்டால், 'ஒண்ணும் ஆகலை கண்ணு, நீ ஆடறதப் பாக்க வந்தோம்' என்று சொல்லுங்கள். அந்தப் பதிலை நாம் சொல்லியே ரொம்ப நாளாயிற்று.

ஜெய்பீம்.