அம்மாவின் சுவர்

தினமும் வானொலியில் முகம் தெரியாத நேயர்களிடம் பேசுகிறேன். வீட்டில் ஒரு சுவரைப் பற்றி அம்மாவிடம் பேசி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

தோ பாயோவில் எங்களுடையது பழைய மூவறை வீடு. நண்பகலிலும் ஹாலில் விளக்கு எரியவேண்டும். வெளிச்சமெல்லாம் சமையலறைச் சன்னலோடு நின்றுவிடும். நடுவில் ஒரு சுவர். அதை இடித்தால் வீடே விடிந்துவிடும் என்று தோன்றியது.

தோன்றியதும் சுத்தியலைத் தூக்க முடியாது. சுவரை இடிக்க வீவக அனுமதி வேண்டும். கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர் என்றால் அந்த ஆசையையே விட்டுவிடவேண்டியதுதான். குத்தகையாளரும் வீவக பட்டியலில் உள்ளவராக இருக்கவேண்டும். இடிக்கும் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரை மட்டுமே. (இரவு வேலை பார்க்கும் மேல்வீட்டுக்காரருக்கு அதுதான் நடுநிசி. அம்மா முறுக்கோடு போய் முன்பே சொல்லிவிட்டு வந்தார்.)

எங்கள் சுவர் வெறும் செங்கல் தடுப்பு, அனுமதி கிடைக்கும் என்றார் குத்தகையாளர். அம்மாவின் அனுமதிதான் கிடைக்கவில்லை.

“தாளிச்சா வாசம் சோபாவுல ஏறும்” என்றார். நல்ல புகைபோக்கி போடலாம் என்றேன். “மீன் பொரிச்சா?” அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஒருநாள் வெங்காயம் உரித்தபடியே சொன்னார்:

“அப்பா போன பிறகு இந்தச் சுவருக்குப் பின்னாலதான்டா அழுவேன். நீயும் அக்காவும் ஹால்ல டிவி பார்த்துக்கிட்டு இருப்பீங்க.”

எனக்கு நினைவிருக்கிறது. குழாய்ச் சத்தம் அதிகமாக இருக்கிறதென்று டிவியின் ஒலியைக் கூட்டியவன் நான்.

சுவரை இடுப்புயரத்துக்கு மட்டும் குறைத்தோம். அதன்மேல் நகர்த்தித் திறக்கும் கண்ணாடி. கடையில் அம்மாவே தேர்ந்தெடுத்தார், கோடு கோடாக நெளிந்த கண்ணாடி. வெளிச்சம் தாராளமாக வரும், உள்ளே நிற்பவர் முகம் தெரியாது. முழுச் சுவரையும் இடித்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

இப்போது காலை பத்து மணி வெயில் அப்பாவின் படம்வரை வருகிறது. கண்ணாடி பெரும்பாலும் திறந்தே இருக்கும், தாளிப்பு வாசமும் சோபாவில் ஏறத்தான் செய்கிறது. சில நாள் மூடியிருக்கும். அப்போது டிவியைக் குறைத்துவிட்டு, “தே போடவாம்மா?” என்று வெளியிலிருந்து கேட்பேன்.