வாட்ஸ்அப்பில் டூர் பிளான் போடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எக்செல் எல்லாம் ஆபீஸ் வேலைக்குத்தானே? வீட்டில் எனக்கு எதற்கு?" மாத வரவு செலவு எழுதலாமே என்பேன். தலையை ஆட்டிவிட்டு சாலிடேர் ஆடப் போய்விடுவார்கள். இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். அது பெங்களூரில் பட்டுத் தெரிந்துகொண்டது.

'எஸ்கேப் ரூம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலைந்து பேரை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைத் தேடி, புதிர்களை விடுவித்து, பூட்டுகளைத் திறந்து, பெரும்பாலும் 60 நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். இதன் வேர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த தோஷிமிட்சு தகாகி 2004-ல் 'கிரிம்சன் ரூம்' என்ற ஃபிளாஷ் கேமை வெளியிட்டார். சிவப்பு அறைக்குள் மாட்டிக்கொண்டு மவுஸைக் கிளிக் செய்து செய்தே வழி தேட வேண்டும். இந்த வகைக் கேம்கள் பரவிய பிறகு, 2007-ல் தகாவோ கட்டோ என்பவர் கியோட்டோவில் நிஜ மனிதர்களை வைத்து நடத்திக் காட்டினார். 2011-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 'பாராபார்க்' வந்தது. இன்று சென்னை, பெங்களூர் என்று எங்கும் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். காலேஜில் ஒன்றாகப் படித்த நாங்கள் பத்துப் பேர். ஒரு சனிக்கிழமை பெங்களூர் போய், ஒரே நாளில் நாலு அறைகள் ஆடுவதாகத் திட்டம். வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தோம். ஒரு வாரத்தில் முந்நூறு மெசேஜ்! எல்லாம் பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

கோரமங்களாவில் முதல் அறை. ஆறு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்றார்கள். பத்துப் பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தோம். நாலு பேர் வெளியே சோபாவில் உட்கார்ந்தார்கள், பணம் திரும்பவில்லை. இந்திரா நகரில் இரண்டாவது. அங்கிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு டாக்சி பிடித்தோம். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். சனிக்கிழமை மதியம் அந்த ரோட்டில் போயிருப்பவர்களுக்குப் புரியும். மெட்ரோவில் போயிருக்கலாம் என்று போய்ச் சேர்ந்த பிறகு ஞானம் வந்தது. 25 நிமிடம் தாமதம், ஆட்டத்தில் அதைக் கழித்துவிட்டார்கள். நாலாவது அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே ஆடியவர்கள். எஸ்கேப் ரூமை இரண்டாம் முறை ஆடுவதில் அர்த்தமே இல்லை, விடை தெரியுமே! இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

இதெல்லாம் பணமும் நேரமும். போனால் போகட்டும். மறக்க முடியாதது இரண்டாவது அறையில் நடந்தது. ஆரம்பித்து இருபது நிமிடம் இருக்கும். எங்களில் ஒருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை நனைந்திருந்தது. "தலைவலிடா, நீங்க ஆடுங்க" என்றான். கதவைத் தட்டினோம், திறந்துவிட்டார்கள். மீதி நாள் முழுக்க அவன் வெளியேதான் இருந்தான். நாங்களும் தலைவலி என்றே நம்பினோம்.

திரும்பி வரும் ரயிலில் சொன்னான். "எனக்கு மூடின ரூம்னா ஆகாது மச்சி. லிஃப்ட்லகூடப் போக மாட்டேன். குரூப்ல கேட்டேனே, யாரும் பதில் சொல்லலையே?"

மொபைலை எடுத்து மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். இருந்தது. இரவு 11.40-க்கு அனுப்பியிருக்கிறான்: 'நடுவுல வெளிய வரணும்னா வர முடியுமா?' அதற்குக் கீழே நாற்பது மெசேஜ்கள், எல்லாம் மட்டன் பிரியாணியா சிக்கன் பிரியாணியா என்று. அதில் ஏழெட்டு நான் போட்டது.

அன்று கேட்க வேண்டியிருந்த கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான். போலந்தின் கோஷாலின் நகரில் 2019 ஜனவரி 4 அன்று ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். பிறந்தநாள் கொண்டாடப் போன பிள்ளைகள். அதன் பிறகு அந்த நாடு முழுவதும் சோதனை நடத்தி, பாதுகாப்பு இல்லாத அறைகளை மூடினார்கள். நல்ல இடங்களில் கதவுப் பக்கம் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். கதவைப் பூட்டாமலே ஆட விடும் இடங்களும் உண்டு. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் விஷயம். நாங்கள் போடவில்லை.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்லவில்லை. அரட்டைக்கு அதுபோல எதுவும் இல்லை. ஆனால் அரட்டையில் கடைசியாகப் பேசியதுதான் கண்ணில் படும். கட்டம் போட்ட தாளில் காலியாக இருக்கும் கட்டம் கண்ணை உறுத்தும். அடுத்த முறை நான் எக்செல்லைத் திறந்தேன்.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படுக்கை வரிசைக்கு ஒருவராகப் பத்துப் பெயர்கள். நெட்டு வரிசைக்கு ஒன்றாக அறைகள். ஆடப் போகிறவருக்கு நேராக 1, ஏற்கெனவே ஆடியவருக்கு 'முடிந்தது', வேண்டாம் என்பவருக்கு 'வேண்டாம்'. இப்போது ஒவ்வொரு நெட்டு வரிசையின் அடியிலும் ஆட்டோசம் பட்டனைத் தட்டி, பத்துப் பேருக்கான கட்டங்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் கூட்டித் தரும். எந்த அறைக்கு எத்தனை தலை என்று தெரிந்துவிடும். ஆறைத் தாண்டினால் புக்கிங் செய்வதற்கு முன்பே பிடித்துவிடலாம். வலது ஓரத்திலும் அப்படியே கூட்டினால் யார் எத்தனை அறை ஆடுகிறார் என்று வரும். எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் என்றால் அதனால் பெருக்குங்கள், அவரவர் பங்கு வந்துவிடும். ஆடாதவனிடம் பணம் வாங்கிய பாவம் சேராது.

கட்டம் போட்டதும் எனக்கே ஒன்று விளங்கியது. பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரிக்க 126 வழிகள் உண்டு. குரூப்பில் கத்திக் கத்தி அதைத் தீர்க்கவே முடியாது! ஒரே இடத்தில் இரண்டு அறைகள் எடுத்து, ஆளுக்கொரு அறையாக இரண்டு அணியும் ஒரே நேரத்தில் போய், அப்புறம் மாற்றிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. அலைச்சல் மிச்சம். நடுவில் சாப்பிடும்போது வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு மூன்று அறை போதும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். விதிகளைச் சொல்ல, முடிந்ததும் போட்டோ எடுக்க என்று நேரம் போய்விடும்.

பயம், உடம்பு சம்பந்தமான கேள்விகளை எல்லோரும் பார்க்கும் தாளில் கேட்காதீர்கள். என் நண்பன் எல்லோர் முன்னாலும் தலைவலி என்றுதான் சொன்னான். கூகுள் ஃபார்ம்ஸில் நாலு கேள்வி போட்டு லிங்க் அனுப்புங்கள். பதில்களின் சுருக்கத்தைக் காட்டும் வசதியை ஆன் செய்யாதவரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அந்தப் பதில்கள் உள்ள ஃபைலை யாருக்கும் ஷேர் செய்யாதீர்கள். அறைகள், நேரம், பணம் உள்ள ஃபைலை மட்டும் கொடுங்கள், அதுவும் 'வியூவர்' என்று. 'எடிட்டர்' கொடுத்தேன், ஒரு புண்ணியவான் பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டான். யார் பணம் கட்டினார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று.

இரண்டாவது பயணத்திலும் அவன் வந்தான். கதவுப் பட்டன் இருக்கும் அறைகளாக, போனில் கேட்டு உறுதி செய்த பிறகே புக் செய்தேன். இரண்டு அறைகள் ஆடினான், பட்டன் பக்கமாகவே நின்றுகொண்டு. மூன்றாவதற்குத் தாளில் அவனே 'வேண்டாம்' போடச் சொல்லியிருந்தான். நாங்கள் உள்ளே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கடையில் ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மைசூர் என்று பேச்சு. ஃபார்ம் அனுப்பி நாலு நாள் ஆகிறது. ஆறு பேர் நிரப்பியிருக்கிறார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் 'ஓகே மச்சி' என்று போட்டிருக்கிறார்கள்.